முதல் கார் பிழை பொறுக்க வேண்டும்

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 16 வயதிலேயே துணையின்றிக் கார் ஓட்ட உரிமம் கிடைத்துவிடுவதால், பிள்ளைக்கு வாங்கித் தரும் முதல் கார் எது என்பது அங்கே குடும்பமே கூடிப் பேசி முடிவெடுக்கும் விஷயங்களில் ஒன்றாக இருந்துவருகிறது. பேருந்து எட்டிப் பார்க்காத புறநகர்களிலும் பண்ணைப் பகுதிகளிலும் பள்ளிக்கும் பகுதிநேர வேலைக்கும் செல்ல வேறு வழி இல்லை என்பதால், அதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடவும் இயலாது. இந்தப் பேச்சில் அடிக்கடி அடிபடும் பெயர் ஜீப் ராங்லர். கதவையும் கூரையையும் கழற்றி வைத்துவிட்டுக் காற்றாடப் போகலாம் என்பது பிள்ளையின் கணக்கு. உயரமும் இரும்பும் கனமுமாக நிற்கும் வண்டிக்குள் பிள்ளை பத்திரமாக இருக்கும் என்பது பெற்றோரின் கணக்கு. இரண்டு கணக்குகளும் ஒரே வண்டியில் வந்து சேர்வதால் சம்மதம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. ஆனால், பெற்றோரின் கணக்கில் பாதிதான் சரி என்பதும், விடுபட்டுப்போன மறுபாதிதான் பதின்பருவ ஓட்டுநரின் உயிரோடு அதிகம் தொடர்புடையது என்பதும் இந்த வண்டி ஏன் இப்படிச் செய்யப்பட்டது, எப்படி ஓடுகிறது என்பதைக் கூர்ந்து பார்த்தால் விளங்கும்.

எடையின் நியாயம்

சரியான பாதியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வாகனங்கள் நேருக்கு நேர் மோதும்போது, கனமான வாகனத்தின் வேகம் குறைவாகவே மாறுகிறது. அதனால் அதனுள் இருப்பவர்களின் உடல் தாங்க வேண்டிய அதிர்ச்சியும் குறைகிறது. காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனமான ஐஐஎச்எஸ், பதின்பருவத்தினருக்கு ஏற்ற பழைய கார்களின் பட்டியலைத் தயாரிக்கும்போது மிகச் சிறிய கார்களை அறவே சேர்க்காமல் விடுவது இந்தக் காரணத்தினால்தான். அதே பட்டியலில், எடைக்கு மீறிய குதிரைத்திறன் கொண்ட பந்தயவகைக் கார்களும், கையாளக் கடினமான மிகப் பெரிய வண்டிகளும் இடம்பெறுவதில்லை என்பதையும் உடன் சேர்த்துப் படிக்க வேண்டும். 'சிறியது வேண்டாம்' என்ற அறிவுரைக்கு 'பெரியதும் உயரமானதும் எதுவானாலும் சரி' என்று பொருள் இல்லை.

மேலும், எடை காப்பாற்றுவது மற்றொரு வாகனத்தோடு மோதும் விபத்தில். பதின்பருவத்தினர் சிக்கும் மரண விபத்துகளிலோ, வேறு எந்த வாகனமும் சம்பந்தப்படாமல், வேகத்தில் கட்டுப்பாடு இழந்து சாலையை விட்டு விலகி மரத்தில் மோதுவதும் பள்ளத்தில் கவிழ்வதும் மூத்த ஓட்டுநர்களைவிட அதிகப் பங்கு வகிக்கின்றன. ஓட்டிய தூரத்தோடு ஒப்பிட்டால், 16 முதல் 19 வயது வரையிலானோரின் மரண விபத்து விகிதம் 20 வயதுக்கு மேற்பட்டோருடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அங்குள்ள அரசுப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. இதற்குக் காரணம் துணிச்சல் மட்டும் அல்ல. வளைவின் கூர்மையை முன்கூட்டியே கணிப்பது, எதிரே வரும் ஆபத்தை ஒரு நொடி முன்னால் உணர்வது, தவறு நேர்ந்தபின் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினால் போதும் என்று கை தானாக அறிவது ஆகிய மூன்றும் ஓடிய மைல்களால் மட்டுமே வரும் திறன்கள். ஆகவே, முதல் சில ஆயிரம் மைல்களில் பிழை நேரும் என்று வைத்துக்கொண்டே வண்டியைத் தேர்வு செய்தாக வேண்டும். அந்தப் பிழையை வண்டி பொறுத்துக்கொள்ளுமா, பெரிதாக்கிவிடுமா என்பதே முதல் காருக்கான உரைகல்.

போருக்குப் பிறந்த வடிவம்

ராங்லரின் உருவம் அலங்காரத்துக்காக வரையப்பட்டதன்று. 1940இல் அமெரிக்க ராணுவம் கேட்ட இலகுவான உளவு வாகனத்துக்கு, பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் இருந்த பாண்டம் என்ற சிறு நிறுவனம் 49 நாள்களில் மாதிரி வண்டியைச் செய்து கொடுத்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன. சேற்றிலும் பாறையிலும் அடித்தட்டு இடிக்காமல் ஏற வேண்டும் என்பதற்காகத் தரையிலிருந்து உயரம், குறுகிய பள்ளங்களுக்கு இடையில் நுழைந்து திரும்ப வேண்டும் என்பதற்காகக் குட்டையான நீளம், ஒரு சக்கரம் குழியில் இறங்கினாலும் மறு சக்கரம் தரையை விடாமல் அழுத்த வேண்டும் என்பதற்காக இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் முழு அச்சு என ஒவ்வோர் உறுப்பும் மெதுவாகப் போகும் கடினமான பயணத்துக்கென்றே அமைந்தது. 1945இல் விவசாயிகளை மனதில் வைத்து விற்பனைக்கு வந்த பொதுமக்கள் ஜீப்பும், 1987ஆம் ஆண்டு மாடலாக அறிமுகமான ராங்லரும் இந்த இலக்கணத்தை விடவில்லை.

மணிக்கு 10 மைல் வேகத்தில் வரமாக இருக்கும் இந்த அமைப்பு, 65 மைல் வேகத்தில் சுமையாகிறது. கார்களில் வழக்கமான பல்சட்ட ஸ்டீயரிங்குக்குப் பதிலாக ராங்லரில் இருப்பது, பாறையில் அடிபட்டாலும் அந்த உதறலைக் கைக்குக் கடத்தாத, குண்டுகள் சுழலும் பெட்டிவகை ஸ்டீயரிங். நேர்சாலையில் அதன் நடுப்பகுதியில் மெக்கானிக்குகள் 'பிளே' என்று சொல்லும் சிறு தளர்வு இருப்பதால், ஓட்டுநர் ஓயாமல் அங்குலக் கணக்கில் திருத்திக்கொண்டே செல்ல நேர்கிறது. முன்புறம் முழு அச்சு உள்ள வண்டிகளில், தேய்ந்த இணைப்புகளோடு ஒரு மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் ஸ்டீயரிங் இரு பக்கமும் வெறிகொண்டதுபோல் ஆடத் தொடங்குவதுண்டு. ராங்லர்காரர்கள் இதற்கு 'டெத் வாபிள்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பதற்றப்படாமல் ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு, வேகம் தானாகக் குறையும்வரை பொறுத்திருப்பதே அதற்கு வழி என்பது அனுபவசாலிக்குத் தெரியும். உரிமம் வாங்கி ஆறு மாதம் ஆன கைக்கு அந்தப் பொறுமை இருக்காது.

உயரத்தின் கணக்கு

உயரமான வண்டி ஏன் கவிழ்கிறது என்பதை விளக்க அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் பயன்படுத்தும் அளவுகோல் மிக எளியது. இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் இடையிலான அகலத்தை, வண்டியின் ஈர்ப்பு மையம், அதாவது அதன் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி, தரையிலிருந்து இருக்கும் உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைப்பதே நிலைத்தன்மை விகிதம். 2001ஆம் ஆண்டு மாடல்கள் முதல் கவிழ்வுக்கான நட்சத்திர மதிப்பீடு இந்த விகிதத்தை அடிப்படையாகக் கொண்டே வழங்கப்படுகிறது. ஒரு கணக்குக்காக, சக்கர அகலம் 160 செ.மீ., ஈர்ப்பு மையத்தின் உயரம் 55 செ.மீ. என்று வைத்தால் விகிதம் 1.45, அதே அகலத்தில் உயரம் 70 செ.மீ. ஆனால் 1.14. இளைஞர்கள் ஆசைப்பட்டுப் பொருத்தும் நான்கு அங்குல 'லிஃப்ட் கிட்' அந்த உயரத்தை 78 செ.மீ.க்குக் கொண்டுபோனால், விகிதம் 1.03 என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. மோட்டார் வாகனத்தில் நான்கு அங்குலம் என்பது கண்ணுக்குச் சிறிது. கணக்கில், ஒரு வண்டியின் இயல்பையே மாற்றிவிடும் அளவு.

இந்த எண்ணின் பொருளையும் சொல்லிவிட வேண்டும். வண்டியின் எடையைப் போல எத்தனை மடங்கு விசை பக்கவாட்டில் தாக்கினால் அது சாயும் என்பதைத்தான் இந்த விகிதம் தோராயமாகக் குறிக்கிறது. உலர்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிமானம் பொதுவாக ஒரு மடங்குக்கும் குறைவு என்பதால், சமதளத்தில் வண்டி கவிழ்வதற்கு முன் சறுக்கிவிடும். கவிழ்வுகளில் பெரும்பாலானவை, சறுக்கும் சக்கரம் எதிலாவது மாட்டிக்கொள்ளும்போது நிகழ்கின்றன: சாலையோர மண்ணில் புதைகிறது, நடைபாதை விளிம்பில் முட்டுகிறது, பள்ளத்தில் இறங்குகிறது.

அந்த ஒரு கணத்தை விரித்துப் பார்த்தால் எல்லாம் விளங்கும். வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்கச் சாலையில், கவனம் ஒரு நொடி சிதறி, வலப்பக்கச் சக்கரங்கள் தார் விளிம்பை விட்டு இரண்டு அங்குலம் தாழ்ந்த சரளையில் இறங்குகின்றன. தேர்ந்தவர் பிரேக்கைத் தொடாமல் அப்படியே நேராகப் போய், வேகம் குறைந்த பிறகு மெல்ல மேலே ஏறுவார். புதியவரின் கை அனிச்சையாக இடப்பக்கம் வெட்டித் திருப்புகிறது. விளிம்பில் உரசிக்கொண்டிருந்த சக்கரம் திடீரென்று தாரைக் கவ்வ, வண்டி எதிர்த்தடத்துக்குப் பாய்கிறது. அதைக் கண்டு பயந்து மறுபடி வலப்பக்கம் திருப்ப, உயரத்தில் இருக்கும் எடை இரண்டாம் முறை எதிர்ப்பக்கம் சாய்கிறது. தாழ்வான கார் இந்த இடத்தில் சுற்றி நின்றுவிடக்கூடும். உயரமான, குட்டையான வண்டிக்கு அந்தச் சலுகை குறைவு. இரண்டிலும் பிழை ஒன்றுதான், தண்டனைதான் வேறு.

இது புதிதாகக் கண்டறியப்பட்டதும் அல்ல. ராங்லரின் முன்னோடியான சிஜே-5 வண்டியின் கவிழும் இயல்பை 1980ஆம் ஆண்டிலேயே '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி நாடறியச் செய்தது. 1984 முதல், குட்டையான இவ்வகை வண்டிகளில், அவை சாதாரணக் கார்களைப் போல ஓடுபவை அல்ல, திடீர்த் திருப்பங்களைத் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையை ஓட்டுநரின் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும் என்று விதி வந்தது. வெயில் மறைப்பைத் தாழ்த்தினால் தெரியும் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். 2020இல் ஐஐஎச்எஸ் வெளியிட்ட சோதனை முடிவின்படி, முகப்பின் கால் பகுதி மட்டும் தடுப்பில் மோதும்படி மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் விடப்பட்ட நான்கு கதவு ராங்லர், ஓட்டுநர் பொம்மையை நன்றாகவே காப்பாற்றியது. ஆனால் மோதியபின் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. கதவும் கூரையும் கழற்றத்தக்க வண்டி பக்கவாட்டில் விழுந்தால், உள்ளே இருப்பவரின் கையோ தலையோ வெளியே வீசப்படும் வாய்ப்பு அதிகம் என்பதால் மதிப்பீடு குறைக்கப்பட்டது. பக்கவாட்டுக் கண்ணாடிகளை மூடும் திரைவகை ஏர்பேக் ராங்லரில் வந்து சேர்ந்தது 2024ஆம் ஆண்டு மாடலில்தான்.

பணம் எந்த வண்டியை வாங்கும்

இந்தக் குறைகளில் பெரும்பகுதியை ஈடுகட்டும் கருவி ஒன்று உண்டு. ஸ்டீயரிங் காட்டும் திசையையும் வண்டி உண்மையில் போகும் திசையையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் விலகும் கணத்தில் தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானாகப் பிரேக் கொடுத்து வண்டியை நேர்படுத்தும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, சுருக்கமாக ஈஎஸ்சி, ஒற்றை வாகன மரண விபத்தின் ஆபத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியதால், 2012ஆம் ஆண்டு மாடல்கள் முதல் அமெரிக்காவில் எல்லாக் கார்களிலும் கட்டாயமாக்கப்பட்டது. ராங்லரில் அது 2007 மாடலிலேயே வந்துவிட்டது. சிக்கல், பதின்பருவப் பிள்ளைக்கு ஒதுக்கப்படும் பணத்துக்குப் பெரும்பாலும் அந்த ராங்லர் கிடைப்பதில்லை என்பதில் இருக்கிறது. விரும்பிகள் மிகுதி என்பதால் இந்த வண்டி பழையதானாலும் விலை இறங்க மறுக்கிறது. கையில் உள்ள தொகைக்கு வருவது 1997 முதல் 2006 வரை வந்த, ஈஎஸ்சி இல்லாத, முந்தைய உரிமையாளர் டயரையும் ஸ்பிரிங்கையும் மாற்றி உயர்த்தி வைத்திருக்கக்கூடிய வண்டி. அதே பணத்துக்கு, ஈஎஸ்சியும் திரை ஏர்பேக்குகளும் உள்ள, பத்து ஆண்டுகள் இளைய நடுத்தர செடான் ஒன்று வந்துவிடும். பெற்றோர் இரும்பைத் தேர்ந்தெடுப்பதாக எண்ணிக்கொண்டு, உண்மையில் பழைய தலைமுறைப் பாதுகாப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எதிர்வாதங்களின் எடை

ராங்லரை ஆதரிப்போர் சொல்வதில் நியாயமானவையும் உண்டு. பழைய ராங்லர் வேகமான வண்டி அல்ல. காற்றைக் கிழிக்காமல் முட்டிக்கொண்டு போகும் அதன் சதுர முகம், பறக்க நினைக்கும் பிள்ளையைத் தானே அடக்குகிறது. இரண்டு கதவு மாடலின் பின்னிருக்கை இடுக்கானது என்பதால் நண்பர்கள் கூட்டம் ஏறுவது குறையும். சம வயதுப் பயணிகள் கூடக்கூட இளம் ஓட்டுநரின் மரண ஆபத்தும் கூடுகிறது என்பது உறுதிப்பட்ட உண்மையாதலால் இது சிறு நன்மை அல்ல. திறந்து பார்த்துப் பழுது நீக்கக் கற்றுக்கொள்ளவும் அது நல்ல பள்ளிக்கூடம். மொன்டானா போன்ற மாநிலங்களில், மண்பாதையின் முடிவில் வீடு இருக்கும் பண்ணைக் குடும்பத்துக்கு இது தேவையே அன்றி மோகம் அல்ல.

ஆனால், பனிக்காலத்துக்கு நான்கு சக்கர இயக்கம் பாதுகாப்பு என்ற வாதம் மட்டும் தவறானது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போவது வண்டி கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கு உதவாது, ஏனெனில் எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. சுலபமாகக் கிளம்பிவிட்ட வண்டி, சாலை நன்றாக இருக்கிறது என்ற பொய்யான தைரியத்தைப் புதியவருக்குக் கொடுத்துவிடுகிறது. போதாததற்கு, எளிய வகை ராங்லர்களில் முன்பின் அச்சுகளை இறுகப் பிணைக்கும் அந்த இயக்கத்தை உலர்ந்த தாரில் போட்டுவிட்டால், வளைவில் முன்சக்கரம் கடக்கும் தூரமும் பின்சக்கரம் கடக்கும் தூரமும் வேறுபடுவதால் வண்டி திரும்ப மறுத்து முரண்டு பிடிக்கும். எப்போது போட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்ற அறிவு கருவியோடு கூட வருவதில்லை.

இன்னொரு தரப்பையும் மறக்கக்கூடாது. முகப்பின் உயரம் 40 அங்குலத்தைத் தாண்டும் வாகனங்கள் மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்புள்ள கார்களைவிடப் பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று 2023இல் ஐஐஎச்எஸ் ஆய்வு வெளியிட்டது. தம் பிள்ளையைக் காக்க உயரத்தைத் தேடும் பெற்றோர், தெருவில் நடக்கும் மற்றவரின் பிள்ளையையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

நம் ஊர் ஜீப்

இந்தக் கேள்வி அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. 1947இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளை இணைத்து விற்கத் தொடங்கிய மஹிந்திராவின் வழித்தோன்றலாக 2010இல் வந்த 'தார்' வண்டி, 2020இல் புதிய வடிவமும், 2024இல் ஐந்து கதவு 'ராக்ஸ்' வடிவமும் பெற்று, இந்திய இளைஞர்களின் கனவு வண்டிகளில் ஒன்றாகிவிட்டது. தமிழ்நாட்டில் ஜீப் என்ற சொல் நெடுங்காலம் காவல் துறையையும் வருவாய்த் துறையையும் நினைவூட்டியது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பை ஓட்டுகிறவர், எந்த வளைவில் எந்தக் கியர் என்று கைக்கே தெரிந்த மனிதர். மலையில் அந்த வண்டி நம்பப்படுவது ஓட்டுநரின் அனுபவத்தையும் சேர்த்துத்தான். வண்டி இன்று அந்த அனுபவத்திலிருந்து பிரிந்து, பதினெட்டாம் பிறந்த நாள் பரிசாக நான்குவழிச் சாலைக்கு வந்திருக்கிறது.

2020 தார் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றது உண்மை. ஆனால் அந்த நட்சத்திரங்கள் மோதிய பிறகு உள்ளிருப்பவர் எப்படிக் காக்கப்படுகிறார் என்பதைச் சொல்கின்றன. மோதுவதற்கு முன் புதிய கையில் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்வதில்லை. அமெரிக்காவில் 1996இல் ஃபுளோரிடா தொடங்கிவைத்த படிநிலை உரிம முறை, தொடக்கக் காலத்தில் இரவு ஓட்டுதலையும் இளம் பயணிகளையும் கட்டுப்படுத்திப் படிப்படியாகவே முழு உரிமம் தருகிறது. இந்தியாவில் பழகுநர் உரிமம் பெற்று 30 நாள்கள் கழிந்தால் தேர்வுக்குப் போகலாம்; தேறிவிட்டால் அன்றிரவே நண்பர்களோடு நெடுஞ்சாலையில் இறங்கச் சட்டத்தில் தடை இல்லை. சிறார் ஓட்டினால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்று 2019இன் சட்டத் திருத்தம் எச்சரிக்கிறது. அது 18 வயதுக்கு முந்தைய நாளைத்தான் காவல் காக்கிறது. மறுநாளைக் காப்பது குடும்பத்தின் பொறுப்பாகிறது.

சாவி கைமாறும் முன்

ஆகவே, கரடுமுரடான பாதைக்கென்று செய்யப்பட்ட வண்டி பதின்பருவத்தினரின் முதல் காராகப் பொருந்தாது என்பதே நியாயமான முடிவு. அதன் உறுதி குறித்த ஐயத்தால் எழுந்த முடிவு அல்ல இது. புதியவர் எந்த இடத்தில் பிழை செய்வாரோ, சரியாக அந்த இடத்தில் அது பிழை பொறுக்காது என்பதே காரணம். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஈஎஸ்சியும் திரை ஏர்பேக்குகளும் உள்ள, மிதமான விசை கொண்ட, நடுத்தர எடையுள்ள, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு காரே ஏற்றது. பண்ணைக்கோ மலைக்கோ ஜீப் தவிர்க்க முடியாதது என்றால், ஈஎஸ்சி உள்ள மாடலாக இருக்க வேண்டும்; உயரம் கூட்டும் கிட்டும் பெரிய டயரும் கூடாது; கதவைக் கழற்றிக்கொண்டு நெடுஞ்சாலை ஏறக் கூடாது; சீட் பெல்ட் இல்லாமல் எஞ்சின் கிளப்பக் கூடாது; மூத்தவர் ஒருவர் அருகில் அமர்ந்து, சக்கரம் சாலையோரம் இறங்கினால் என்ன செய்வது என்பதை ஆளில்லாத இடத்தில் பலமுறை பழக்கிவிட வேண்டும்.

பிள்ளையின் ஆசையை இதற்காகக் கிள்ளி எறிய வேண்டியதில்லை; தள்ளிவைத்தால் போதும். எண்பது ஆண்டுகளாக அதே சதுர முகத்தோடு வந்துகொண்டிருக்கும் வண்டி, இன்னும் இரண்டு ஆண்டு காத்திருந்தால் பழசாகிவிடப் போவதில்லை.